பெர்சியாளின் பொருத்தனை

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குக் கிளம்பும். தவசிமுத்து மட்டும் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அவர் சலவைக்காரர். வீடு நிறைய ஈரத் துணியை வைத்துக்கொண்டு சாரலை ரசிக்க எவனால் முடியும்?

அதற்காகச் சாரலே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. சாரல் வந்தால்தான் பங்களாக்கள் திறக்கும். துரைமாரும் ஜமீன் வீட்டாரும் வக்கீல் குடும்பங்களும் வந்து இறங்குவார்கள். படுக்கை விரிப்பும் மேஜை விரிப்புமாக மூட்டை மூட்டையாக அழுக்கு வரும். அந்த மூன்று மாத உழைப்புதான் மற்ற ஒன்பது மாதத்துக்கும் கஞ்சி. அந்த மூன்று மாதம்தான் துணி காயாத மாதமும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தவசிமுத்து ஒரு வழி வைத்திருந்தார். குற்றாலத்து அழுக்கைத் தென்காசியில் சிற்றாற்றுத் துறையில் வெளுத்து, பிழிந்த துணியை வண்டியிலேற்றிக் கிழக்கே கீழப்பாவூருக்குக் கொண்டுபோய்விடுவார். மேற்கே மலை முகம் தெரியாமல் மூடிக் கிடக்கும் நாளிலும் அங்கே குளத்தங்கரைப் பொட்டலில் வெயில் அடிக்கும்.

"தண்ணி குத்தாலத்துல, வெயிலு கீழப்பாவூருல. ரெண்டுக்கும் நடுவுல கிடந்து சாவுதது என் மாடுக" என்பான் வண்டிக்காரன் சங்கிலிப்பாண்டி.

காய்ந்து வரும் துணிக்குக் கஞ்சி போடுவதும் நீலம் முக்குவதும் இஸ்திரி போடுவதும் தவசிமுத்துவின் மனைவி பெர்சியாளின் பாடு. விடியுமுன்னே வெள்ளாவிக்கு அடுப்பு மூட்டுவாள். வெளிச்சம் வந்ததும் முழங்கால் தண்ணீரில் கல்லோடு நிற்பாள். மத்தியானம் காணத் துவையலைத் தொட்டுக்கொண்டு நின்றபடியே கஞ்சி குடித்துவிட்டு, சிரட்டைக் கரி கனியும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் விளக்கு வைக்கும்வரை கீழே வைக்கமாட்டாள். அவள் தகப்பனார் ஒரு கிராமத்து உபதேசியார். வேதத்தில் ஆண்டவருக்காக மிகவும் பாடுபட்டவள் என்று ஒரே ஒரு வரியில் வருகிற பெண்ணின் பெயரைத் தேடிப் பிடித்து மகளுக்கு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெயர் அவளை ஒரு நாளும் சும்மா இருக்கவிடவில்லை.

சரி, ஆறு நாள் பாடு இது. ஏழாம் நாள்?

சபை வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை துறையில் இறங்குவதில்லை. கல் காயும், வெள்ளாவி குளிர்ந்து கிடக்கும். பெர்சியாளுக்கு மட்டும் அன்றுதான் முதுகு ஒடியும். விடிகாலையில் வேதக்கோயிலைக் கூட்டி, பாய் விரித்து, பீடத்துக்கு விரிப்புப் போடுவாள். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிக்கூடம். ஆராதனையில் அழுகிற குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிச் சுவரோரம் நிற்பாள். பிறகு வீடு வீடாகக் கைப்பிடி அரிசி வசூல். பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி. சாயங்காலம் பெண்கள் சங்கம். இத்தனையிலும் அவள் ஒரு நிமிஷம் உட்காரமாட்டாள். வேலை நெருக்கடியால் உட்காராததல்ல இது. அது பொருத்தனை, ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டது.

மூன்று வருஷத்துக்கு முன் தவசிமுத்துவுக்கு விஷக்காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் நினைவு தப்பிக் கிடந்தார். ஊர் கைவிட்டுவிட்டது. அப்போது பெர்சியாள் ஜெபம் பண்ணிப் பொருத்தனை செய்துகொண்டாள். இருபத்திரண்டாம் நாள் அவர் கண் திறந்து சுக்குத் தண்ணீர் கேட்டார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் உட்காரவில்லை. "ஞாயித்துக்கிழமை உக்காரமாட்டேன்னு நேந்திருக்கா" என்று சபை முழுக்கத் தெரியும். பிழைத்து எழுந்த தவசிமுத்துவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

"மதினி, உங்க சாமிக்கு நாக்காலி பெஞ்சுன்னா ஆவாதோ?" என்று சங்கிலிப்பாண்டி ஒருநாள் கேட்டான்.

"உனக்கு வண்டியில உக்காந்தே உடம்பு வளந்துபோச்சு. உனக்கென்னலே தெரியும்" என்றாள் பெர்சியாள்.

முப்பத்தாறாம் வருஷத்துச் சாரல் கொஞ்சம் முரட்டுச் சாரல். ஆடி மாதத்தில் நான்கு நாள் கீழப்பாவூரிலும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அரைகுறை ஈரத்தோடு திரும்பி வந்த துணியை இஸ்திரிச் சூட்டிலேயே உலர்த்த வேண்டியதாயிற்று. சனிக்கிழமை பகல் முழுவதும் பெர்சியாள் பெட்டியும் கையுமாக நின்றாள். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. குருவானவர் மதுரநாயகம் ஐயர் ஆராதனையில் போடும் வெள்ளை அங்கி. அதை வெளுப்பது அவள் காணிக்கை.

கொல்லையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த தவசிமுத்துவின் மூக்கில் கருகல் வாடை ஏறியது. உள்ளே ஓடினார். பெர்சியாள் நேராக நின்றுகொண்டிருந்தாள். கை பெட்டியின் பிடியில். கண்கள் மூடியிருந்தன. பெட்டிக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு அவளை உலுக்கினார். "தூங்கிட்டியாட்டி?"

"இல்லையே. கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டுல்லா இருந்தேன்."

"ஆமென் சொல்ல மறந்துட்ட போலிருக்கு. கீழ பாரு."

அங்கியின் முதுகில் படகுபோல ஒரு தவிட்டு நிற வடு. பெர்சியாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் கையில் ஒரு கைக்குட்டை கருகியதில்லை.

இருவரும் அங்கியை எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனார்கள். ஐயர் சாய்வு நாற்காலியில் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். பெருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. அங்கியை விரித்துப் பார்த்தார்.

"முதுகுப் பக்கந்தான? சபையப் பாத்து நிக்கையில தெரியாது. பீடத்தப் பாத்துத் திரும்புதப்போ நீங்க யாரும் சிரிக்காம இருந்தாப் போதும்."

"ஐயா, நான் தூங்கிட்டேன்" என்றாள் பெர்சியாள். ஐயரிடம் பொய் வரவில்லை.

ஐயர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்வை காலுக்கு இறங்கியது. இரண்டு பாதமும் புளித்த மாவுபோல உப்பியிருந்தன. கெண்டைக்காலில் பச்சை நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

"உக்காரும்மா."

"இருக்கட்டும் ஐயா."

"நாளைக்குத்தான உக்காரமாட்ட? இன்னைக்குச் சனிக்கிழமை."

"இன்னைக்கு வேலை கிடக்குல்லா ஐயா."

மறுநாள் ஆராதனையில் ஐயர் பீடத்தைப் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. முடிந்ததும் அவர் பெர்சியாளைக் கூப்பிட்டார். தவசிமுத்துவும் பின்னால் வந்து நின்றார்.

"பெர்சியாள், நம்ம ஆண்டவரே நடந்து நடந்து களைச்சுப்போயி ஒரு கிணத்தடியில உக்காந்தாரு. தெரியும்லா?"

"தெரியும் ஐயா. அவரு பொருத்தனை பண்ணலையே."

"சரி. படகுல போவையில தலவாணி வச்சுத் தூங்குனாரு. புயலு அடிக்குது, அப்பவும் தூங்குதாரு."

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமையா ஐயா?"

ஐயர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இவகிட்ட வேதம் பேச நான் இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும் போலிருக்கு." சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "நேந்தவ நீ. கேட்டவரு அவரு. நடுவுல நான் யாரு, அவுத்துவிட? ஆனா ஒண்ணு சொல்லுதேன். வலுவு தாறவரும் அவருதான். தந்ததப் பூராவும் ஒரே மூச்சுல இறைச்சு ஊத்திட்டு, பொறவு காலிக் கொடத்தோட போயி நின்னா அவருக்கு என்னம்மா சந்தோசம்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை அசனம் இருக்கு ஐயா. அதுக்கு விறகு சொல்லணும்" என்று பெர்சியாள் நகர்ந்துவிட்டாள்.

அசனம் என்றால் சபையின் பெரிய பந்தி. வருஷத்துக்கு ஒரு தடவை, சுற்றுப்பட்ட கிராமத்துச் சபையெல்லாம் கூடி ஐந்நூறு இலை விழும். எட்டு வருஷமாக அந்த வார்ப்புப் பானைகளுக்குப் பெர்சியாள்தான் ராணி. அரிசி வெந்த பதத்தை அவள் ஆவியை மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை துறையில் அவள் விழுந்தாள். கல்லில் ஓங்கிய துணியோடு அப்படியே தண்ணீரில் சரிந்தாள். தவசிமுத்து தூக்கிக் கரையேற்றினார். வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தாள். அழுத்திய குழி அழுத்தியபடியே நின்றது.

"நரம்பு எல்லாம் சுருண்டுபோச்சு. இன்னும் இப்படியே நின்னா புண்ணு வரும். இந்தப் புண்ணு வந்தா லேசில ஆறாது. பொறவு நீ தண்ணியில நிக்கவே முடியாது. வேலையில நிக்க வேண்டிய நேரம் நில்லு. நின்ன நேரத்துக்குச் சரியா உக்காரணும், காலை உயர வச்சுப் படுக்கணும். வாரத்துல ஒரு முழு நாளாவது இந்தக் காலுக்கு விடுதலை வேணும்."

"எந்த நாளும்மா?" என்று கேட்டார் தவசிமுத்து.

"உங்களுக்கு லீவு நாள் ஞாயித்துக்கிழமைதான?"

தவசிமுத்து மனைவியைப் பார்த்தார். பெர்சியாள் கூரையைப் பார்த்தாள்.

"அசனம் முடியட்டும், படுத்துக்கிடுதேன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

தவசிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவர் உயிரை மீட்கத்தான் அவள் கால்களை அடகு வைத்திருக்கிறாள். அவர் உண்ணும் ஒவ்வொரு கவளமும் அவள் கெண்டைக்காலிலிருந்து வெட்டி எடுத்ததுபோல் இருந்தது. 'பொருத்தனையை மீறு' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மீறினால், கொடுத்ததை ஆண்டவர் திருப்பி வாங்கிக்கொள்வார் என்று அவள் பயப்படுவாள். அந்தப் பயம் தனக்கும் கொஞ்சம் இருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை துணியோடு அவரும் கீழப்பாவூருக்கு வண்டியேறினார். சங்கிலிப்பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியளே? எங்கள்ல சொடலைமாடனுக்குக் கிடா நேந்து விடுதோம். அது ஊரெல்லாம் மேயும். எவன் வயல்ல இறங்குனாலும் ஒருத்தன் கம்ப ஓங்கமாட்டான். சாமி கிடாய்லா. உங்கள்ல என்னன்னா, நேந்து விட்டத ஏர்ல பூட்டுதிய."

"கடைசியில அந்தக் கிடாயை அறுத்துருவியளேலே."

"அது கோயில் கொடைக்குல்லா" என்றான் சங்கிலிப்பாண்டி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மதினிக்கு அந்தப் பேச்சு வேண்டாம்" என்று மாட்டைத் தட்டினான்.

பொட்டலில் நல்ல வெயில். இருவருமாகத் துணிகளை விரித்தார்கள். நிலம் வெள்ளையாகக் கண்ணைப் பறித்தது. அப்போது குளத்து மேட்டிலிருந்து நெல்லையப்பன் இறங்கி வந்தான். அந்த ஊர்க்காரன்தான், பழக்கமானவன். ஜமீன் வீட்டுப் பட்டுக்கரை வேட்டிகள் காயும் இடத்தில் நின்று கையைப் பிசைந்தான்.

"அண்ணாச்சி, நாளைக்கு ராயகிரிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். இதுல ஒண்ணு தாங்களேன். ஒரே ஒரு நாள். உடுத்திட்டு அப்படியே மடிச்சுத் தந்துருதேன்."

"கேக்காதடே. அது கூடாது."

"அழுக்காவாது அண்ணாச்சி. வண்டியிலகூட உக்காரமாட்டேன், நின்னுக்கிட்டே போறேன்."

"அதுக்கில்லலே. ஒருத்தரு நம்மள நம்பி ஒப்படைச்ச துணி. வெளுக்கலாம், காயப்போடலாம், மடிக்கலாம். நம்ம சோலிக்கு உடுத்தக்கூடாது. நம்ம கையில இருக்குங்கதுக்காக அது நம்ம துணி ஆயிருமா? நைஞ்சுபோச்சுன்னா உடையவருகிட்ட என்னத்தக் கொடுக்க..."

பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். 

"என்ன அண்ணாச்சி?" என்றான் நெல்லையப்பன்.

"ஒண்ணுமில்ல. என் பெட்டியில கல்யாண வேட்டி ஒண்ணு கிடக்கு. சங்கிலிப்பாண்டிகிட்டக் கொடுத்து விடுதேன், அத உடுத்திட்டுப் போ. உனக்குப் பொண்ணு அமையும். சங்கிலி, துணி காஞ்சதும் கட்டிக் கொண்டாந்துரு. நான் நடந்தே போறேன்."

"ஏழு மைலு அண்ணாச்சி."

"எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்தபோது பெர்சியாள் அசனத்துக்கு வந்த பூசணிக்காய்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். வியாழக்கிழமை என்பதால் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு நீ ஆண்டவருகிட்டச் சொன்ன வார்த்தை என்ன? அப்படியே சொல்லு. நான்தான் நினைவில்லாமக் கிடந்தேனே."

"இப்ப எதுக்கு அது?"

"எனக்காகச் சொன்னது. நான் கேக்கக் கூடாதா?"

 "'இவியளத் தந்துரும். ஞாயித்துக்கிழமைதோறும் என் கையும் காலும் உம்முடையது'ன்னு சொன்னேன்."

"உக்காரமாட்டேன்னு சொன்னியா?"

"அத வேற சொல்லணுமா? அவருக்குக் கொடுத்த காலை மடக்கிப் போட்டு நான் உக்காருவனா?"

"அப்ப ஞாயித்துக்கிழமை அந்தக் காலு யாருது?"

"அவருது."

"உன்னுது இல்லலா?"

"இல்ல."

"நாப்பது வருஷமா நானும் எங்கப்பாவும் இந்தத் தொழில் பாக்கோம். ஒருத்தரு துணிய ஒரு நாள் உடுத்தியிருக்கோமா?"

"எதுக்கு இதெல்லாம் கேக்கிய?"

"ஒப்படைச்ச துணிய உடுத்திக் கிழிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியுது. நீ அவருக்கு ஒப்படைச்ச காலை மூணு வருஷமா உடுத்திக்கிட்டுத் திரியுத. விறகுக்கு உடுத்துத, வசூலுக்கு உடுத்துத, பூசணிக்காய்க்கு உடுத்துத. எல்லாம் நல்ல சோலிதான், இல்லங்கல. ஆனா உடையவரு ஒரு நாள் 'எங்கம்மா என் காலு'ன்னு கேட்டா, இந்த நைஞ்சுபோனதையா எடுத்து நீட்டுவ?"

  தவசிமுத்து தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பாதம் சூடாக இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அவள். "நான் சும்மா இருந்தா, நீங்க..."

"தெரியும். ஆனா அவரு என்னையத் தந்தது உன் நேத்திக்கடனுக்கு முந்தியே மனசிரங்கித்தாண்டி. நம்ம ஜமீன் மானேசரு மாதிரி, பாக்கி விழுந்தா ஆள் விடுதவரா அவரு?"

"அசனத்துக்கு யாரு நிப்பா? அரிசி குழைஞ்சு போவும்."

"அது அவருடைய அசனம்."

அவள் சரி என்று சொல்லவில்லை. தவசிமுத்து அதற்குமேல் கேட்கவுமில்லை; அசனப் பானைக்கு மட்டும் சங்கிலிப்பாண்டியைச் சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கோயில் வளாகம் திருவிழாவாகிவிட்டது. ஓலைப்பந்தலுக்கு அடியில் ஆறு அடுப்பு எரிந்தது. பெரிய பானைக்கு முன்னால், தலையில் துண்டும் கையில் துடுப்புமாகச் சங்கிலிப்பாண்டி நின்றான். "வேதக்கோயில்ல எனக்கு என்ன வேலைன்னு பாக்காதிய. மதினிக்குப் பதிலு நான். எப்ப இறக்கணும்னு மட்டும் யாராவது சொல்லுங்க" என்று சுற்றி நின்ற பெண்களிடம் சொன்னான். எப்போது இறக்க வேண்டும் என்பதில் அந்தப் பெண்களுக்குள் நான்கு கட்சி இருந்தது.

உள்ளே ஆராதனை தொடங்கிவிட்டது. பெர்சியாள் வழக்கம்போல் கடைசிச் சுவரோரம் நின்றாள். அவள் இடுப்புக்குக் குழந்தையை நீட்டிய ஒரு தாயைத் தவசிமுத்து கண்ணாலேயே திருப்பி அனுப்பினார். முதல் பாட்டு முடிந்தது. வேதபாடம் முடிந்தது. அவள் நின்றுகொண்டேயிருந்தாள். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தவசிமுத்துவுக்கு ஐயர் படித்த ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

ஐயர் பிரசங்கத்துக்கு வாயெடுத்தார். அப்போது பெர்சியாள் சுவரைப் பிடித்தாள். பிடித்தபடியே மெல்ல, மிக மெல்ல, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இறங்குகிறவள்போலக் கீழே இறங்கினாள். பாயில் உட்கார்ந்தாள். ஐயருக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறெங்கிருந்தோ ஆரம்பித்தார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெர்சியாளின் தலை சுவரில் சாய்ந்தது. பக்கத்திலிருந்த பெண் அவள் தலையை மெதுவாகத் தன் தோளுக்கு மாற்றினாள். மூச்சு நீளமாக வந்தது. பிறகு அது குறட்டையாயிற்று. பிள்ளைகள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, தாய்மாரின் கிள்ளலில் அடங்கியது.

ஐயர் பிரசங்கத்தைப் பாதியாக முடித்தார். ஆசீர்வாதத்தைத் தணிந்த குரலில் சொன்னார். ஆர்மோனியக்காரர் கடைசிப் பாட்டுக்குக் கையை வைத்தபோது ஐயர் கை நீட்டித் தடுத்தார்.

"இன்னைக்குக் கடைசிப் பாட்ட எல்லாரும் மனசுக்குள்ள பாடிக்கிடுவோம்" என்றார்.

அவ்வளவு பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள். பாடி முடித்ததும் ஒருவர்பின் ஒருவராக, காலோசை கேட்காமல் வெளியே போனார்கள். எப்போதும் வாசலிலேயே சண்டை போடும் இரண்டு கிழவர்கள்கூட அன்றைக்கு மதில் தாண்டிப் போய்த்தான் ஆரம்பித்தார்கள். பெர்சியாளுக்குத் தோள் கொடுத்திருந்த பெண் தன் இடத்தைத் தவசிமுத்துவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அவளைப் பாயில் சரித்துப் படுக்கவைத்தார். பாட்டுப் புத்தகப் பெட்டியை இழுத்து, அதன்மேல் துண்டை மடித்துப் போட்டு, அவள் கால்களைத் தூக்கி வைத்தார். வெளியே பந்தி நடந்துகொண்டிருந்தது. ஐந்நூறு பேர் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பெர்சியாள் கண் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கோயிலில் வேறு யாருமில்லை. கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தாள். சட்டென்று பதறினாள்.

"இஞ்சேருங்க, அசனம்?"

"முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சா? சோறு?"

"குழைஞ்சுதான் போச்சு. சங்கிலிப்பாண்டி அதக் கூழாக்கிட்டான்."

"ஐயோ. சனங்க என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாரும் சாப்பிட்டாவ. ஐயரு மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு."

பெர்சியாள் எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். ஊன்றிய கை அப்படியே நின்றது. என்ன நினைத்தாளோ, திரும்பவும் படுத்து, பெட்டிமேல் கிடந்த கால்களைச் சௌகரியமாக நீட்டிக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு கை கொண்டாங்க" என்றாள். "எப்படித்தான் குழைச்சிருக்கான்னு பாப்போம்."